ஒன்று இருந்தால் மணி அடிக்கும்

— கையெழுத்துப் போட இவ்வளவு நேரமா? உன் பேர்ல மொத்தமே அஞ்சு எழுத்து.

— படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன் அண்ணி.

— படி, நல்லா படி. ஒரு ரத்த முடிவை லேப்லேருந்து மாடி வார்டுக்கு அனுப்பவே அரை மணி நேரம் எடுத்துக்கற ஆளு நீ. அரைப் பக்கம் படிக்க அரை நாளாவது வேண்டாமா?

— "முந்தாநாள் மதியம் அவசர முடிவுகளை அனுப்பத் தவறிவிட்டேன்"னு போட்டிருக்கீங்க.

— ஆமா.

— நான் அனுப்பினேன் அண்ணி.

— முதல்ல அந்த அண்ணியை விடு. வீட்டுலதான் நான் உனக்கு அண்ணி. இந்த ரூம்ல கம்ப்யூட்டர் செக்‌ஷன் ஹெட். இழுத்து இழுத்துக் கூப்பிட்டா இளகிடுவேன்னு நினைச்சியா?

— சரிங்க மேடம்.

— அந்த நக்கலும் வேண்டாம்.

— நக்கல் இல்லீங்க அண்ணி.

— சரி விடு, உனக்கு நக்கல் பண்ணவெல்லாம் வராது. அதுக்குக் கொஞ்சம் அறிவு வேணும். உங்கண்ணனைக் கொண்டு போய் விட்டியா?

— விட்டேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் கூடவே போனேன். அவருக்கு முன்னாடி ஒருத்தர் இருக்காராம், அது முடிஞ்சதும்தானாம். சுவத்துல அந்தப் பெரிய டிவில அண்ணன் பேரு ரெண்டாவதா இருந்துச்சு. பேருக்கு நேரா பச்சையா ஒரு கட்டம்.

— பச்சைன்னா எல்லாம் சரி. அந்தத் திரையே நான் போட்டதுதான், எனக்கே வந்து விளக்கம் சொல்லாதே. மணி ஒம்பதே முக்கால். பத்தரைக்கு விசாரணைக் கமிட்டி. அங்க பெரிய டாக்டர் இருப்பாரு. ஒம்பதாம் படுக்கைக்காரரோட பொண்ணும் வரும். அது மூஞ்சியைப் பார்த்து என்ன சொல்லப் போறே? நான் அனுப்பினேன், அது போகலைன்னா?

— அதானே நடந்துச்சு.

— அவங்கப்பா கண்ணைத் திறந்து ரெண்டு நாளாச்சு.

— தெரியும். நேத்து சாயங்காலம் போய் வெளியில நின்னுட்டு வந்தேன். பொட்டாசியம் ஏழு அண்ணி. அந்த அளவுக்கு ஏறினா இதயமே நின்னுடும். அதைப் போய் அனுப்பாம விடுவேனா?

— விடுவே. உன்னை எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து பார்க்கறேன். குழாயைத் திறந்தா மூட மாட்டே. கதவைச் சாத்தினா தாழ்ப்பாள் போட மாட்டே. இங்க மட்டும் திடீர்னு பொறுப்பு முளைச்சுடுமா?

— வீட்டுக் குழாயும் இதுவும் ஒண்ணா அண்ணி?

— ரெண்டும் அதே கைதானே. கேட்டுக்கோ. எழுதிக் குடுத்தா ஆறு மாசம் சஸ்பெண்டு, அதோட முடிஞ்சுடும். பெரிய டாக்டர்கிட்ட நான் பேசிட்டேன். அடம்பிடிச்சா வேலையே போயிடும். அப்புறம் எந்த லேப்லயும் உன்னை உள்ள விட மாட்டாங்க. இந்த வேலையை உனக்கு வாங்கிக் குடுத்தவளே நான். உன்னோட சேர்ந்து என் பேரும் நாறணுமா?

— அனுப்பலைன்னு எழுதினா, அந்தப் பொண்ணு காலம் முழுக்க என்னைத்தானே நினைக்கும்?

— நினைக்கட்டுமே. யாரோ ஒருத்தரை நினைச்சுத்தான் ஆகணும். இதோ லாக். கம்ப்யூட்டர் தானா எழுதி வைக்கற பதிவு. இது உன்னை மாதிரி மறக்காது, பொய்யும் சொல்லாது. கால் மணிக்கு ஒரு தடவை என் புரோகிராம் போய் லேப் ஃபோல்டரை எட்டிப் பார்க்கும். அவசர ஃபைல் இருந்தா வார்டுல மணி அடிச்சுட்டு, அதை எடுத்து வேற இடத்துல வைக்கும். இல்லைன்னா இல்லைன்னு எழுதும். படிக்கறேன் கேளு. மூணு மணி, அவசர ஃபைல் இல்லை. மூணே கால், இல்லை. மூணரை, இல்லை. ஆறு மணி வரைக்கும் இல்லை, இல்லை, இல்லை. பதிமூணு தடவை.

— நான் ரெண்டு ஐம்பத்தஞ்சுக்கே போட்டுட்டேனே. ஒம்பதாம் படுக்கைக்கு ஒண்ணு, இருபத்திரெண்டாம் படுக்கை அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி இருந்துச்சு, அதுக்கு ஒண்ணு. ரெண்டையும் சேர்த்து.

— அப்ப ஃபோல்டர்ல இருக்கணுமே. எங்கே?

— ஆறு மணிக்கு உங்க ஸ்கிரிப்டே எல்லாத்தையும் பெருக்கித் துடைச்சுடுதே.

— அடேயப்பா. ஸ்கிரிப்ட்டுன்னு சொல்லக்கூடத் தெரியுதே அறிவாளிக்கு.

— ஆறு வருஷமா அது கூடத்தானே மாரடிக்கறேன்.

— நீ மாரடிச்ச லட்சணம்தான் ஊரே பார்க்குதே. உங்கம்மா பெத்த ரெண்டுல ஒண்ணு மந்தம், ஒண்ணு ஊமை. உனக்காக நான் பேச்சு வாங்கறேன், அவருக்கு நானே வாயா இருக்கேன். டாக்டர் வந்து உடம்புக்கு ஆகாதது ஏதாவது உண்டான்னு கேட்டா, உங்கண்ணன் என்ன சொல்வாரு தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணுமில்லை சார்"னு பல்லைக் காட்டுவாரு. அவருக்கு ஒரு வலி ஊசி ஆகாது, போட்டா மூச்சு நின்னுடும். ரப்பர் கையுறை பட்டா உடம்பு பூரா தடிச்சுடும். அதான் நேத்து நானே கவுன்டர்ல நின்னு, அதுக்கு ஒரு சீட்டு, இதுக்கு ஒரு சீட்டுன்னு பதிய வச்சுட்டு வந்தேன். பொறுப்புன்னா அது.

— நீங்க பொறுப்பு இல்லைன்னு யாரு சொன்னா?

— சொல்லித்தான் பாரேன்.

— ஒண்ணே ஒண்ணு கேட்கறேன் அண்ணி. என் எதிர்ல அதை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் நீங்க எங்க சொன்னாலும் கையெழுத்துப் போடறேன்.

— எதை? என் ஸ்கிரிப்ட்டையா? ஒம்பது வருஷமா ஓடுது. அதுல இந்தத் தேடற வரி ஒரே வரிதான். ஃபோல்டர் பேரை மட்டும் மாத்தி எக்ஸ்ரேக்குப் போட்டேன், மருந்துக் கிடங்குக்குப் போட்டேன், தியேட்டருக்குப் போட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார் இல்லை. ரத்தம் உறிஞ்சற ஆளு வந்து அதுக்குப் பரீட்சை வைக்கறாரு.

— ஒரே ஒரு தடவை.

— சரி, பாரு. உன் ஆசையைக் கெடுப்பானேன். இது வெத்து ஃபோல்டர், சோதனைக்கு. ஓட்டறேன். என்ன வருது?

— "இல்லை"ன்னு வருது.

— எழுத்துக்கூட்டிப் படிக்கறியே, பரவாயில்லை. இப்ப ஒரு ஃபைல் போடறேன். "அவசரம்"னு ஆரம்பிக்கணும், அதுக்கப்புறம் படுக்கை நம்பர். அவசரம் ஒம்பது. ஓட்டறேன்.

— "இருக்கு"ன்னு வருது.

— முடிஞ்சுதா? ஃபைல் இருந்தா இருக்குங்கும், இல்லைன்னா இல்லைங்கும். நீ போட்டிருந்தா அது பார்த்திருக்கும். நீ போடலை. பேனாவை எடு.

— அது எப்படி அண்ணி பேரு தெரியாமலே தேடுது? ஒவ்வொரு படுக்கைக்கும் நம்பர் வேற வேறயாச்சே.

— அதுக்குத்தான் நட்சத்திரக் குறி. அவசரம்னு எழுதி பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டா, பின்னாடி எது இருந்தாலும் சரின்னு அர்த்தம். உனக்கு எங்க புரியப் போகுது.

— எது இருந்தாலும்னா, எத்தனை இருந்தாலும்னு அர்த்தமா?

— என்ன?

— இன்னொண்ணு போடுங்க. அவசரம் இருபத்திரெண்டு.

— எதுக்கு? ஒண்ணைப் பார்த்துச்சுன்னா ரெண்டையும் பார்க்காதா? வாசல்ல ஒருத்தன் நின்னா தெரியுதாம், ரெண்டு பேர் நின்னா கண்ணு தெரியாதாம். இப்படியும் ஒரு மூளை.

— போட்டுத்தான் பாருங்களேன்.

— போட்டாச்சு. ஓட்டறேன். இதோ, இரு...

— என்ன அண்ணி வருது?

— இரு.

— எழுத்துக்கூட்டிப் படிக்கட்டுமா? "இல்லை"ன்னு வருது.

— கையை எடு, நான் பார்க்கறேன். ஏதோ தப்பா அடிச்சிருப்பேன். திரும்ப ஓட்டறேன்.

— "இல்லை".

— ஒண்ணை அழிச்சுட்டுப் பார்க்கறேன்.

— "இருக்கு".

— திரும்ப ரெண்டு.

— "இல்லை". ஏன் அண்ணி அப்படி?

— வாயை மூடிட்டு ஒரு நிமிஷம் இருப்பியா?

— இருக்கேன்.

— இந்த நட்சத்திரம் இருக்குல்ல. வரியை ஓட்டறதுக்கு முன்னாடி, பொருந்தற ஃபைல் பேரையெல்லாம் கொண்டாந்து அந்த இடத்துல வரிசையா எழுதிடும். ஒண்ணு பொருந்தினா ஒரு பேரு. ரெண்டு பொருந்தினா ரெண்டு பேரு. ஆனா "இப்படி ஒரு ஃபைல் இருக்கா"ன்னு கேட்கற கேள்வி இருக்கே, அதுக்கு ஒரு பேருதான் குடுக்கணும். ரெண்டு குடுத்தா அதுக்குப் புரியாது.

— புரியலைன்னா?

— முழிக்கும். பிழைன்னு கத்திட்டு, ஆமாங்கற பக்கம் போகாம இல்லைங்கற பக்கம் போயிடும்.

— கத்தினா உங்களுக்குக் கேட்டிருக்குமே?

— வரி கடைசியில ஒரு துண்டு சேர்த்திருக்கேன். பிழைச் செய்தி எது வந்தாலும் குப்பையில போடுன்னு. அப்போ தினம் ஏதாவது வந்து நச்சரிச்சுக்கிட்டே இருந்துச்சு. எரிச்சலா இருந்துச்சு.

— அப்ப அது சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு.

— என்ன, குத்திக் காட்டறியா?

— இல்லீங்க அண்ணி. நானும் சொன்னேனேன்னு நினைச்சேன். சேர்ந்த முதல் வருஷம், இதே ரூம்ல இதே மூலையில நின்னு சொன்னேன். ரெண்டு சேர்ந்து போனா மணி அடிக்க மாட்டேங்குது அண்ணின்னு. "உன் கை ராசி அப்படி, ஊசியை மட்டும் ஒழுங்கா குத்து"ன்னீங்க. இங்க நாலு பேர் இருந்தாங்க, எல்லாரும் சிரிச்சாங்க.

— எனக்கு ஞாபகம் இல்லை.

— எனக்கு இருக்கு. ஏன் அப்படி ஆகுதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு போட்டா அடிக்குது, ரெண்டு போட்டா அடிக்கலை. அதனால ஒண்ணு போடுவேன். மேல மணி அடிக்கற சத்தம் கேட்கற வரைக்கும் காத்திருப்பேன். அப்புறம்தான் அடுத்தது. அதுக்குள்ள தாமதமாயிடுமேன்னு ரெண்டாவதைக் காகிதத்துல எழுதி, நானே மாடிக்கு ஓடிக் குடுத்துட்டு வருவேன். லேப்ல மத்த மூணு பேருக்கும் அப்படித்தான் சொல்லி வச்சிருந்தேன். மெஷின்மேல ஒரு சீட்டு ஒட்டியிருந்தேனே, பார்த்திருப்பீங்க. "ஒன்று போய் மணி அடித்த பிறகே அடுத்தது."

— அந்தச் சீட்டா அது?

— போன வாரம் நீங்கதான் கிழிச்சுப் போட்டீங்க. நீங்க போனதும் ஒரு மெமோ வந்துச்சு. மடிச்சு சட்டைப் பையிலயேதான் வச்சிருக்கேன். "முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு தாமதிப்பது தெரியவருகிறது. இனி எல்லாவற்றையும் உடனுக்குடன் சேர்த்து அனுப்ப வேண்டும். வேலை நேரத்தில் மாடிப்படியில் சுற்றக் கூடாது." கீழ உங்க கையெழுத்து. உங்க பேர்லயும் அஞ்சு எழுத்துதான் அண்ணி.

— சரி, அனுப்பினே, மணி அடிக்கலை. அப்ப மேல ஓடியிருக்க வேண்டியதுதானே?

— மாடிப்படில பார்த்தா சம்பளத்தைப் பிடிப்பேன்னு நீங்க ஆள் விட்டுச் சொன்னீங்க. வார்டுக்கு போன் போட்டேன், எடுக்கலை. மூணு தடவை போட்டேன். அப்புறம் இன்னொரு ரத்தம் வந்துச்சு, அதைப் பார்க்கப் போயிட்டேன். அது என் தப்புதான். இருபத்திரெண்டாம் படுக்கை அம்மாவை நர்ஸே பார்த்துட்டாங்க. அவரைத்தான் யாரும் பார்க்கலை. மெமோவாவது மண்ணாவதுன்னு நான் ஓடியிருக்கணும். ரெண்டு நாளா அதைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடக்கேன்.

— இப்ப பேசு. நல்லாப் பேசு. ஆறு வருஷம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எழுத்துல ஒரு வார்த்தை குடுக்காம இருந்துட்டு, இன்னிக்கு வந்து கதை சொல்றே.

— எழுத்துலயா?

— பின்னே? வாயால சொன்னா அது புலம்பல். எழுதிக் குடுத்தாத்தான் புகார். தெரிஞ்சும் எழுதிக் குடுக்காம மூடி வச்சது யாரு? நீ. அப்ப யாரு தப்பு?

— இப்படிக்கூட திருப்ப முடியுமா அண்ணி?

— தள்ளு, ஸ்டூலை அந்தப் பக்கம் போடு. ரெண்டு நிமிஷ வேலை இது. நட்சத்திரத்தை நேரா அந்தக் கேள்விக்குக் குடுக்கக் கூடாது. பொருந்தறதை எல்லாம் வரிசையில நிறுத்தி, ஒவ்வொண்ணா எடுத்து, நீ இருக்கியான்னு கேட்கணும். ஒண்ணு இருந்தாப் போதும், இருக்குன்னு எழுதிட்டு மணியை அடிச்சுடலாம்.

— ஒவ்வொண்ணா.

— ஆமா.

— நான் அதைத்தானே செஞ்சுக்கிட்டு இருந்தேன்.

— நீ செஞ்சது பயந்தாங்கொள்ளித்தனம். இது முறை. போட்டாச்சு. லேப் ஸ்கிரிப்ட்டுலயும் மாத்திட்டேன். இப்ப பாரு. ரெண்டு ஃபைல். ஓட்டறேன்.

— "இருக்கு"ன்னு வருது.

— மூணு போடறேன்.

— "இருக்கு".

— ஆச்சா? ரெண்டு போட்டாலும் பார்க்குது, மூணு போட்டாலும் பார்க்குது. நல்லாத்தான் வேலை செய்யுது. கமிட்டியில கேட்டா இதே மாதிரி அவங்க எதிர்ல ஓட்டிக் காட்டறேன்.

— நீங்க இப்பதானே மாத்தினீங்க.

— எதை?

— அண்ணி.

— எதை மாத்தினேன்? யாரு பார்த்தா? நீ பார்த்தியா? உனக்கு இதுல ஒரு எழுத்துப் படிக்கத் தெரியுமா? எப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. கையெழுத்தைப் போடு.

— ஆறு வருஷமா உங்களைப் பார்த்தா எனக்குப் பயம் அண்ணி. வீட்டுல நீங்க சாப்பிட உட்கார்ந்தா நான் எழுந்து போயிடுவேன். எவ்வளவு தெரிஞ்சவங்க, நாம வாயைத் திறந்தா ஏதாவது தப்பா வந்துடும்னு.

— இப்ப பயம் போயிடுச்சாக்கும்?

— போயிடுச்சு. வேற ஏதோ மாதிரி இருக்கு.

— என்ன மாதிரி?

— சொன்னா மரியாதையா இருக்காது. அண்ணன் பொண்டாட்டியாப் போயிட்டீங்க.

— ஓஹோ. உன்கிட்ட எனக்கு மரியாதை வேற வேணுமா? உன்னைப் பத்தி நான் நினைக்கறதுல பாதிகூட உனக்கு... இரு, போன் அடிக்குது. ஹலோ. ஆமா, நான்தான் பேசறேன். முடிஞ்சுடுச்சா முன்னாடி கேஸு? சரி. உள்ள கொண்டு போயாச்சா? சரிங்க, சரிங்க. இல்லை, நான் இப்ப வர முடியாது, பத்தரைக்கு ஒரு மீட்டிங். பித்தப்பைக் கல்லுதானே, நீங்க பாருங்க. வைக்கறேன். உங்கண்ணனை மேஜைமேல படுக்க வச்சாச்சாம். ஏதாவது கேட்டாங்களாம், அவர் வழக்கம்போல சிரிச்சாராம். இப்ப மயக்கம் குடுக்கப் போறாங்க.

— சரி அண்ணி.

— போடு, போடு. இங்கே, தேதிக்கு மேல. மத்த இடத்து வரியை எல்லாம் மத்தியானம் சாவகாசமா மாத்திக்கறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.

— மத்த இடம்னா?

— அதான் சொன்னேனே. எக்ஸ்ரே, மருந்துக் கிடங்கு, தியேட்டர்.

— தியேட்டர்ல அந்த வரி எதைத் தேடும்?

— உனக்கு எதுக்கு அது? ஆகாததுன்னு பதிஞ்ச சீட்டைத் தேடும். நோயாளி நம்பரை எழுதி பக்கத்துல நட்சத்திரம். கவுன்டர்ல பதியற ஒவ்வொரு சீட்டும் ஒரு ஃபைல். இல்லைன்னா பேருக்கு நேரா கட்டம் பச்சை. டாக்டர் அந்தக் கட்டத்தைப் பார்த்துட்டுத்தான் ஊசியே எடுப்பாரு.

— இருந்தா?

— சிவப்பு. ஒண்ணு இருந்தாக்கூடச் சிவப்பாயிடும்.

— ஒண்ணு இருந்தா.

— ஆமாடா, ஒண்ணு இருந்தா. எத்தனை தடவை சொல்றது உனக்கு? பேனாவை ஏன் கீழ வைக்கறே? எங்க எழுந்து ஓடறே?

— அண்ணனுக்கு ரெண்டு சீட்டு, அண்ணி.